நடைச் சோதனைக்குக் குழந்தையை ஆயத்தப்படுத்துதல்

குழந்தையின் நடையில் கோளாறு இருப்பதை முதலில் காண்பவர் பெரும்பாலும் வைத்தியர் அல்லர். தாயும், அங்கன்வாடிப் பணியாளரும், பள்ளி ஆசிரியருமே. முன்பாதத்தை மட்டும் ஊன்றி நடத்தல், ஒரு காலை இழுத்து நடத்தல், முழங்கால்கள் உரசுதல் ஆகியவை அவர்கள் கண்ணிலேயே முதலில் படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவைகளின்படி, ஏறத்தாழ 8 மாதத்திற்கும் 17½ மாதத்திற்கும் இடையே குழந்தைகள் துணையின்றி நடக்கத் தொடங்குகின்றன. 18 மாதமாகியும் நடவாத குழந்தையை டாக்டரிடம் காட்டுதல் அவசியம். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்னும் திட்டத்தின்கீழ், நடமாடும் சுகாதாரக் குழுவினர் குழந்தைகளைப் பரிசோதித்து, வேண்டுவோரை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்திற்கு அனுப்புகின்றனர். அவர்களுள் சிலர் நடை ஆய்வுக்கூடம் உள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்ல நேரிடும். அப்பிரயாணத்திற்கு முன் செய்யத்தக்கவை பற்றியே இங்குக் கூறப்படுகிறது.

சோதனையில் நிகழ்வது யாது? குழந்தையைப் படுக்கவைத்து, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகள் எவ்வளவு மடங்குகின்றன, தசைகள் எவ்வளவு விறைத்துள்ளன என்பவற்றை அளப்பர். பின்னர் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகளை இடுப்பிலும் கால்களிலும் ஒட்டுவர். குழந்தை ஒரு நடைபாதையில் பலமுறை போய்வரும்; சுற்றிலுமுள்ள காமிராக்கள் அவ்வுருண்டைகளின் அசைவைப் பதிவு செய்யும். தரையில் பதித்த தட்டு, பாதம் ஊன்றும் விசையை அளக்கும். ஒரு குதிகால் தரையைத் தொட்டது முதல் அதே குதிகால் மறுபடி தொடும் வரை ஒரு நடைச் சுற்று எனப்படும். இயல்பான நடையில் அச்சுற்றின் நூற்றுக்கு 60 பங்கு பாதம் தரையிலும் 40 பங்கு காற்றிலும் இருக்கும். 1890-களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிரௌனே, பிஷர் என்னும் விஞ்ஞானிகள் ஒருவரின் உடலில் ஒளிக்குழல்களைக் கட்டி, இருளில் நடக்கவிட்டுப் படமெடுத்தனர். அவரை ஆயத்தம் செய்யவே பல மணி நேரம் பிடித்தது. இன்று அவ்வளவு தொல்லை இல்லை. எனினும் ஓரிரு மணி நேரம் குழந்தை பொறுமையாக இருத்தல் வேண்டும்.

இங்கே நல்லெண்ணத்தால் விளையும் தவறொன்று உண்டு. "டாக்டர் பார்க்கிறார், நன்றாக நட கண்ணே" என்று பெற்றோர் சொல்லிவிடுகின்றனர். குழந்தையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தான் என்றும் நடவாத நடையை நடந்து காட்டுகிறது! மூளை முடக்குவாதத்தால் முன்பாதத்தில் நடக்கும் குழந்தைக்குக் குதிகால் நாணை நீட்டும் அறுவை வேண்டுமா, எவ்வளவு நீட்டுவது என்பதை முடிவு செய்ய இவ்வளவைகளும் உதவுகின்றன. நாணை அளவுக்கு மீறி நீட்டினால், பின்னாளில் குழந்தை முழங்கால் மடங்கிக் குனிந்தவாறே நடக்கலாம். அதனைத் திருத்துதல் எளிதன்று. ஆகவே அன்றாட நடையே வேண்டும். தாய் கைப்பிடித்து நடத்துதலும் இதே காரணத்தால் ஆகாது. பிடியின்றி நடக்க இயலாத குழந்தையாயின், அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சோதனை நாளன்று காலுக்கு எண்ணெய் தேய்க்கலாகாது. எண்ணெய்ப் பசையுள்ள தோலில் உருண்டைகள் ஒட்டா. நம் வீடுகளில் வெளியூர் புறப்படுமுன் எண்ணெய் தேய்த்து நீராட்டும் வழக்கம் உள்ளதால் இதனை இருமுறை கூறுதல் நலம். முழங்காலுக்கு மேல் நிற்கும் அரைக்கால் சட்டை, அன்றாடம் அணியும் பழைய செருப்பு, காலிப்பர், ஊன்றுகோல், முந்திய எக்ஸ்ரே படங்கள் ஆகியவற்றை உடன் கொண்டுசெல்ல வேண்டும். புதுச் செருப்பு வேண்டாம். தசையைத் தளர்த்தும் ஊசி போட்டிருந்தாலோ, அண்மையில் மாவுக்கட்டு அவிழ்த்திருந்தாலோ அத்தேதியைக் குறித்துத் தருக.

அச்சத்தைப் போக்க விளையாட்டே சிறந்த வழி. ஒரு வாரம் முன்பிருந்தே முழங்காலிலும் கணுக்காலிலும் ஒட்டும் பொட்டுகளை வைத்து, திண்ணையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கச் செய்யலாம். பொம்மைக்கும் ஒட்டலாம். நாடாவை உரிக்கும்போது சிறிது எரியும். எரியாது என்று பொய் கூறுதல் கூடாது. ஒருமுறை ஏமாந்த குழந்தை அடுத்தமுறை வாசற்படியிலேயே அழும். வளர்ந்த பெண்குழந்தைக்கு அரைக்கால் சட்டையில் நடக்கவேண்டியிருக்கும் என்பதைத் தாய் தனியே சொல்லிவைத்தல் தகும்; பெண் பணியாளர் உடனிருக்குமாறு கேட்டுக்கொள்ளவும் செய்யலாம்.

ஆசிரியர் அரைப்பக்கம் எழுதித் தந்தால் பெரும் பயனுண்டு. பள்ளிக்கு எவ்வளவு தூரம் நடந்து வருகிறான், எங்கே நின்றுவிடுகிறான், படியேறுகையில் எதைப் பிடிக்கிறான், மாலையில் நடை மாறுகிறதா என்பவற்றை எந்தக் காமிராவும் பதிவு செய்வதில்லை. பெற்றோர் இசைந்தால், வெறுங்காலில் நடப்பதை முன்புறமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் கைப்பேசியில் படமெடுத்து டாக்டருக்கு மட்டும் காட்டலாம். சொன்னபடி பலமுறை நடக்க இயலாத மிகச் சிறு குழந்தைகளுக்கு இத்தகைய படமே பெரிதும் உதவும்.

முன்னிரவு நன்கு உறங்கச் செய்க. இரவு ரயிலில் வந்து காலையில் நேரே ஆய்வுக்கூடத்திற்குள் நுழைவதைக் காட்டிலும், முதல் நாளே வந்து தங்குதல் மேல். வழக்கமான உணவைத் தரலாம். வலிப்பு மருந்து உண்ணும் குழந்தைக்கு அதனை ஒரு வேளைகூட நிறுத்தலாகாது. காய்ச்சலோ காலில் புண்ணோ இருப்பின், மருத்துவமனைக்கு முன்னதாகத் தெரிவித்து வேறு தேதி பெற்றுக்கொள்க.