பன்மொழிப் படத் தொகுப்புகளில் தேடல்

விக்கிமீடியா கொமன்ஸ் 2004 செப்டெம்பர் 7 இல் ஆரம்பிக்கப்பட்ட இணைய ஊடகத் தொகுப்பாகும். இதில் 100 மில்லியனுக்கு மேற்பட்ட கோப்புகள் உள்ளன. வேண்டிய படத்தை இரு வழிகளிற் கண்டறியலாம்.

1. பகுப்பு வழி: பொதுவான பகுப்பிலிருந்து உபபகுப்புகளுக்குப் படிப்படியாகச் செல்லல்.
2. சொல் வழி: உள்ளிடும் சொல்லைக் கோப்பின் பெயருடனும் விவரணத்துடனும் ஒப்பிடல்.

குறைபாடு
பகுப்புப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும், உயிரினங்களுக்கு இலத்தீனிலும் உள்ளன. எனவே ஆங்கில விவரணம் மட்டுமே கொண்ட பூனைப் படம், "பூனை" எனத் தேடும் மாணவருக்குச் சொல் ஒப்பீட்டினால் கிடைக்காது. படம் இருந்தும் அவருக்கு இல்லாததற்குச் சமமாகும்.

தீர்வு
2019 முதல், படம் காட்டும் பொருளை விக்கித்தரவின் அடையாள எண்ணாற் குறிக்கலாம். பூனைக்குரிய எண் கியூ146 ஆகும். இதனுடன் தமிழ், சிங்களம், ஆங்கிலம் முதலிய பல மொழிப் பெயர்கள் இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே எம்மொழிப் பெயராலும் அதே படங்களை அடையலாம். மேலும், "ஆறு" என்பது நதியையும் 6 என்ற எண்ணையும் குறிக்கும். இரண்டுக்கும் வெவ்வேறு அடையாள எண்கள் இருப்பதாற் பொருள் மயக்கம் நீங்கும்.

கவனிக்க: அடையாள எண் இடப்படாத படத்துக்கு இப்பயன் கிட்டாது. படத்தைப் பதிவேற்றுபவர் எண்ணை இடுவதுடன் தமிழில் ஒரு குறுந்தலைப்பும் சேர்த்தல் வேண்டும்.

மாதிரி வினா
ஒவ்வொரு படத்தின் விவரணத்தையும் மொழிபெயர்ப்பதிலும் அடையாள எண் இடுதல் இலகுவானது. காரணம் தருக.

விடை: ஓர் எண்ணுக்கு ஒரு தடவை தமிழ்ப் பெயர் கொடுத்தால், அவ்வெண் இடப்பட்ட எல்லாப் படங்களுக்கும் அது பயன்படும்.