மோட்டார் மாதிரிக் கார் பொருத்துவோம்



ஆயத்தமாக விற்கும் பொம்மைக் கார் விளையாட்டை மட்டுமே தரும். உதிரிப் பாகங்களை வாங்கி நாமே பொருத்தும் காரோ, விளையாட்டோடு இயந்திர அறிவையும் தரும்.

ஜப்பானின் சிசுவோக்கா நகரைச் சேர்ந்த தாமியா நிறுவனம் 1982ஆம் ஆண்டில் 'மினி ஃபோர் வீல் டிரைவ்' என்னும் சிறு கார்களை வெளியிட்டது. மோட்டாரின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்வதால் அப்பெயர் பெற்றது. இதன் அளவு உண்மைக் காரில் 32இல் ஒரு பங்காகும். ஒட்டுவதற்குப் பசை தேவையில்லை. எனவே, புதிதாகத் தொடங்குவோர்க்கு இது ஏற்றது.

தேவையான கருவிகள்

சிறிய திருப்புளி ஒன்று, நகவெட்டி ஒன்று, ஒன்றரை வோல்ட் பேட்டரிகள் இரண்டு, சிறு பாகங்களை இட்டு வைக்க ஒரு தட்டு ஆகியவை போதும்.

செய்முறை

முதலில் வழிகாட்டித் தாளை இறுதிவரை பாருங்கள். பாகங்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுக்காதீர்கள். அவை பிளாஸ்டிக் சட்டத்தில் எண்களுடன் இணைந்திருக்கும். தேவைப்படும் பாகத்தை மட்டும் சற்றுத் தள்ளி வெட்டி, எஞ்சிய முனையைப் பின்னர்ச் சீராக்குங்கள். கையால் முறுக்கிப் பிய்த்தால் பாகம் உடையும்.

அச்சின் ஒரு முனையில் சக்கரத்தை அழுத்திப் பொருத்துங்கள். அச்சை அடிச்சட்டத்தின் துளையில் செலுத்தி, பற்சக்கரத்தைக் கோத்து, மறுமுனையில் அடுத்த சக்கரத்தைப் பொருத்துங்கள். சக்கரம் சட்டத்தில் உராயாதிருக்க மயிரிழை இடைவெளி விடுங்கள். முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்கும் நீண்ட தண்டை அதன் இடத்தில் வையுங்கள். பற்களில் சிறிதளவே கிரீஸ் தடவுங்கள்.

மோட்டாரை வைப்பதற்கு முன் சக்கரங்களை விரலால் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்லுங்கள். இச்சோதனையே இப்பாடத்தின் உயிர்நாடி. ஏனெனில், உராய்வு மிகுந்த காரை எத்தகைய மோட்டாராலும் விரைந்து ஓட்ட இயலாது.

பிறகு மோட்டாரையும் மின்சாரம் பாயும் உலோகத் தகடுகளையும் பொருத்தி, குறிகளைப் பார்த்துப் பேட்டரிகளை இடுங்கள். இரண்டும் சேர்ந்து மூன்று வோல்ட் அழுத்தம் தரும். பற்சக்கரங்களின் விகிதம் நான்குக்கு ஒன்று எனில், மோட்டார் நான்கு முறை சுழலும்போது சக்கரம் ஒரு முறை சுழலும். இதனால் வேகம் குறைந்து இழுவிசை கூடும். மேட்டில் ஏற ஏதுவாகப் பல்வேறு பற்சக்கரங்கள் கொண்ட மிதிவண்டியிலும் இதே தத்துவம் அமைந்துள்ளது.

ஓடாவிட்டால்?

மோட்டாரின் ஒலி கேட்டும் சக்கரம் அசையவில்லையெனில், பற்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒலியே இல்லையெனில், பேட்டரியின் திசையையும் தகடுகளின் தொடர்பையும் பாருங்கள். பின்னோக்கி ஓடினால் பேட்டரிகள் மாறியுள்ளன. மெதுவாக ஓடினால் அச்சில் நூலோ தலைமுடியோ சுற்றியுள்ளதா எனக் காணுங்கள். ஒரு நேரத்தில் ஒரு காரணத்தை மட்டும் ஆராயுங்கள்.

இக்காரைத் திருப்பும் அமைப்பு இதனுள் இல்லை. பக்கத்து உருளைகள் ஓடுபாதையின் சுவரில் உருண்டு காரைத் திருப்பும். ஆகவே சாலையில் விடாமல், சுவர் உள்ள பாதையிலோ வீட்டுக்குள்ளோ ஓட்டுங்கள். விளையாடி முடித்தபின் பேட்டரிகளைக் கழற்றி வையுங்கள்.

பெற்றோர்களே! அப்பெட்டி தாங்கள் வியர்வை சிந்தி ஈட்டிய பணத்தில் வாங்கியது. பிள்ளை தடுமாறும்போது தாங்களே முடித்துக் கொடுக்க மனம் துடிக்கும். சற்றுப் பொறுத்திருங்கள். மகனாயினும் மகளாயினும் தம் கையாலேயே பொருத்தட்டும். பழுதைத் தாமே கண்டறியட்டும். ஓடாத காரை மூலையில் எறியாமல், ஏன் ஓடவில்லை என்று ஆராயும் பழக்கம் அப்பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுவதும் துணைநிற்கும்.