டிராக்டரை மல்லாக்காத கலப்பை: ஃபெர்குசன் டி.இ.20 தரும் பாடம்

பழைய டிராக்டர்களைப் புதுப்பித்துப் பாதுகாப்போர் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஏராளம். அவர்கள் விரும்பி வாங்குவதில் முதன்மையானது சாம்பல் நிறமுள்ள ஃபெர்குசன் டி.இ.20. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரின் பேனர் லேன் தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்து 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் இவ்வகையில் தயாராயின. எடை ஏறத்தாழ ஒரு டன்தான். ஆயினும் இதன் பின்புறத்தில் அமைந்த கலப்பை இணைப்பு, உலகின் உழவு முறையையே மாற்றியது.

முன்பிருந்த ஆபத்து

தொடக்க கால டிராக்டர்கள், கலப்பையைச் சங்கிலி கட்டி இழுப்பதுபோல இழுத்தன. கொழு பாறையிலோ வேரிலோ சிக்கினால் கலப்பை நின்றுவிடும். எஞ்சின் விசை நிற்காது. பின்சக்கரம் சுழல முடியாத நிலையில் டிராக்டரின் முன்பக்கம் மேலே எழும்பும். கண் மூடித் திறப்பதற்குள் வண்டி மல்லாந்து, ஓட்டுநர் அதன் அடியில் சிக்குவார். இவ்வாறு பலர் உயிரிழந்தனர். டிராக்டரின் எடையைக் கூட்டினால் ஆபத்து குறையும் என்று எண்ணினர். ஆனால் எடை கூடினால் மண் இறுகும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

ஃபெர்குசன் கண்ட வழி

அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1884-இல் பிறந்த ஹாரி ஃபெர்குசன் வேறு வழியில் சிந்தித்தார். கலப்பையும் டிராக்டரும் ஒரே எந்திரமாக இயங்க வேண்டும் என்பது அவர் கருத்து. கலப்பையை மூன்று இடங்களில் டிராக்டருடன் பொருத்தினார். கீழே உள்ள இரண்டு கரங்கள் கலப்பையை இழுக்கும். மேலே உள்ள ஒற்றைக் கம்பி, அதாவது டாப் லிங்க், உழும்போது டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். இந்தத் தள்ளுவிசை முன்பக்கம் எழும்புவதைத் தடுக்கும். கலப்பையின் பாரமும் பின்சக்கரத்தில் இறங்குவதால் சிறிய டிராக்டருக்கும் நல்ல பிடிப்பு கிடைக்கும்.

மாட்டு ஏரில் உழுபவர் மேழியை அழுத்தியும் தளர்த்தியும் உழவைச் சீராக்குவார். அந்த வேலையை இதில் ஹைட்ராலிக் செய்கிறது. மண் கடினமானால் டாப் லிங்க் ஒரு சுருள்வில்லை அழுத்தும். அதனால் எண்ணெய் வால்வு திறந்து கலப்பை சற்றே உயரும். மண் இளகினால் மீண்டும் இறங்கும்.

வளர்ந்த வரலாறு

1938-இல் ஹென்றி ஃபோர்டும் ஃபெர்குசனும் எழுத்து ஒப்பந்தமின்றிக் கைகுலுக்கி உடன்பாடு செய்துகொண்டனர். 1939-இல் அமெரிக்காவில் ஃபோர்டு 9-என் வெளிவந்தது. ஃபோர்டின் பேரன் காலத்தில் அந்த உறவு முறிந்தது. ஃபெர்குசன் வழக்குத் தொடுத்தார். 1952-இல் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் பெற்றுச் சமரசம் ஆனார். 1953-இல் அவரது நிறுவனம் மாஸ்ஸி ஹாரிஸுடன் இணைந்தது. பின்னர் அதுவே மாஸ்ஸி ஃபெர்குசன் ஆயிற்று. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம், மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்களைத் தமிழக உழவர்களுக்கு அறிமுகமாக்கியது.

புதுப்பிப்போர் கவனிக்க வேண்டியவை

1. வகை எழுத்தைப் பார்த்து உதிரிபாகம் வாங்க வேண்டும். டி.இ.ஏ. என்பது பெட்ரோல், டி.இ.டி. என்பது ஒருவகை மண்ணெண்ணெய், டி.இ.எஃப். என்பது டீசல்.

2. நெடுநாள் நின்ற வண்டியில் லைனர் அடியில் உள்ள கேஸ்கட் வழியே தண்ணீர் கசியலாம். எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் எஞ்சினை ஓட்டக்கூடாது.

3. கியர்பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். அதில் அழுக்கோ நீரோ சேர்ந்தால் இரண்டும் கெடும்.

4. தூக்கிய கலப்பை விரைவில் இறங்கினால் உள்ளே கசிவு இருக்கலாம். ஹைட்ராலிக்கை நம்பிக் கலப்பையின் அடியில் கைவைக்கக் கூடாது. முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும்.

5. கியர் தண்டை ஸ்டார்ட் நிலைக்குத் தள்ளினால்தான் இந்த டிராக்டர் கிளம்பும். வண்டி கியரில் இருக்கும்போது கிளம்பாமலிருக்க இதுவே காவல். இதை நீக்கித் தனிப் பொத்தான் வைப்பது தவறு.

வண்ணம் பூசுவது எளிது. சுருள்வில்லில் ஆட்டம் இல்லாமல், கலப்பை தானே ஏறி இறங்கினால்தான் புதுப்பித்த வேலை முழுமையாகும்.

இன்றைக்கும் பொருந்தும் எச்சரிக்கை

மூன்று முனை இணைப்பு இன்று பெரும்பாலான டிராக்டர்களில் உள்ளது. ஆனால் முறையாகப் பொருத்திய கருவியுடன் உழும்போதுதான் அது காப்பாற்றும். சேற்றில் சிக்கிய வண்டியையோ மரத்தையோ டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கட்டி இழுத்தால், பழைய ஆபத்து அப்படியே திரும்பி வரும். பளு இழுக்கும் சங்கிலியை, தாழ்வாக உள்ள இழுவைச் சட்டத்தில் மட்டுமே மாட்ட வேண்டும். ஓட்டுநருக்கு மேலே பாதுகாப்புச் சட்டம் இல்லாத பழைய வண்டிகளில் இதை ஒருபோதும் மறக்கலாகாது.