நோட்டீஸ் எழுத வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மாநகர் கழகத்தின் அறிவிப்புகளைத் தமிழில் எழுதித் தரும் வேலை உனக்குக் கிடைத்திருக்கிறது. கதை, கவிதை எழுதுகிறவர்கள் இதை எழுத்து என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கவலைப்படாதே. பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலில் ஒரு குடும்பத்தின் பெயருக்கு ஆண்டு முழுவதும் வந்து சேரும் தாள்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்: வீட்டு வரி பில், கால்வாய் அடைப்புக்கு எச்சரிக்கை, பக்கத்து நிலத்தில் அடுக்குமாடி வரப்போவதைச் சொல்லும் கடிதம். புரிந்தால் மேசைக்கு வரும். புரியாவிட்டால் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகப்படும். அப்படிச் செருகிய தாளில் கெடு நாள் இருந்தது என்பது கெடு முடிந்த பிறகுதான் தெரியவரும்.

பினாங்கு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜார்ஜ்டவுன். ஆனால் மாநிலத்தின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் தீவிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையில் இருக்கிறது. பைராம், வல்டோர், டிரான்ஸ்கிரியான் என்று தோட்டங்களின் பெயரைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் சுமந்துகொண்டிருக்க, தோட்டங்களோ துண்டு துண்டாகி தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி வருகின்றன. தீவிலும் பாலேக் புலாவ் பக்கம் போனால் கம்பத்து வாழ்க்கை மிச்சமிருக்கிறது. முன்பு நகரத்துக்கு ஒரு மன்றம், நாட்டுப்புறத்துக்குத் தனி மன்றங்கள் என்று இருந்தன. 1970களில் அவற்றை இணைத்து, தீவுக்கு ஒன்று, பெருநிலத்துக்கு ஒன்று என இரண்டே அமைப்புகளாக்கினார்கள். தீவின் கழகத்துக்கு 2015இலும் செபராங் பிறைக்கு 2019இலும் மாநகர் தகுதி வந்தது. செம்பனைக்காட்டு ஓரத்து வீட்டுக்காரரும் இப்போது மாநகர்வாசிதான். அவருக்கும் நகரத்து நடையில்தான் நோட்டீஸ் வருகிறது.

உன் வேலைக்கு ஏன் இவ்வளவு கனம் என்று கேட்டால், கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும். 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் நடந்த நகராட்சித் தேர்தல்தான் மலாயாவின் முதல் தேர்தல். 1957 ஜனவரி 1ஆம் தேதி ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயராக இருந்தவர் தொழிலாளர் கட்சியின் டி. எஸ். இராமநாதன். தேர்தல் வழி வந்த தமிழர். 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களை ஆராய அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவரும் ஒரு தமிழர்தான்: செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் திரும்ப வேண்டும் என்று 1968இல் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசு கேட்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, நியமனத்தையே முறையாக்கிவிட்டது. பினாங்கு மாநில அரசு 2012இல் தன் சட்டமன்றத்தில் சட்டம் போட்டுத் தேர்தலை மீட்கப் பார்த்தது; 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தக் கதவையும் சாத்தியது. 2023இல் தீவின் மேயரான ஏ. இராஜேந்திரனும் நியமனத்தில் வந்தவர்தான். ஆள் நல்லவரா கெட்டவரா என்பதல்ல இங்கே பேச்சு. அவரை அமர்த்தியதில் வரி கட்டுகிறவருக்குப் பங்கில்லை.

வாக்குச்சீட்டு இல்லாத இடத்தில் வட்டாரவாசியின் கையில் மிஞ்சுவது புகாரும் ஆட்சேபமும். சட்டம் அவருக்கு ஆட்சேப உரிமையைக் கொடுத்திருக்கிறது. அந்த உரிமை இருக்கிறது என்ற செய்தி அவருக்கு நோட்டீஸ் வழியாகத்தான் வருகிறது. கட்ட வேண்டிய தொகை கொட்டை எழுத்தில், எதிர்க்கும் உரிமை கடைசி வரியில் பொடி எழுத்தில் என்று அச்சிட்டால், சட்டம் கொடுத்ததை அச்சு பிடுங்கிக்கொள்கிறது. தம்பி, இந்த இடத்தில்தான் நீ பிடிவாதமாக நிற்க வேண்டும்.

அலுவலகத் தமிழ் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும்: ‘தங்களின் மேற்குறிப்பிட்ட சொத்துடைமையின் மீதான மதிப்பீட்டு வரி நிலுவைத் தொகையானது குறிப்பிட்ட காலக்கெடுவிற்குள் செலுத்தப்படாத பட்சத்தில் சட்ட விதிகளுக்கு ஏற்ப மேல்நடவடிக்கை மேற்கொள்ளப்படும் என இதன்வழி அறிவிக்கப்படுகிறது.’ இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. எவ்வளவு, எப்போது, எங்கே என்ற மூன்றும் கிடையாது. அதையே இப்படி எழுதலாம்: ‘இந்த அரையாண்டு வீட்டு வரியைப் பிப்ரவரி கடைசிக்குள் கட்டுங்கள். தவறினால் அபராதத்துடன் இன்னொரு நோட்டீஸ் வரும். அதையும் விட்டுவிட்டால் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய வாரண்டு எடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் கெடு முடியும் முன் முகப்பில் வந்து பேசுங்கள்.’ இரண்டாவதில் பயமுறுத்தல் குறையவில்லை. ஆனால் பயந்தவர் என்ன செய்வது என்பது அதிலேயே இருக்கிறது. தவணை உண்டா இல்லையா என்பதை எழுதும் முன் வசூல் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள். நீயாக வாக்குக் கொடுத்துவிடாதே.

வீட்டு வரி பற்றி நம்மவர்களிடம் ஒரு பெரிய குழப்பம் உண்டு. ‘நான் ஓய்வெடுத்துப் பத்து வருஷமாச்சு, வருமானமே இல்லை, எனக்கு எதுக்கு வரி ஏத்துறாங்க?’ என்று முகப்பில் வந்து சத்தம் போடுவார்கள். பினாங்கில் இந்த வரி ஆண்டு மதிப்பின் மேல் போடப்படுகிறது. அதாவது வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு வரும் என்ற கணக்கு. குடியிருப்பவரின் சம்பளம் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே, ‘என்னிடம் காசில்லை’ என்று எழுதிய ஆட்சேபக் கடிதம் அனுதாபத்தைப் பெறலாம், குறைப்பைப் பெறாது. ‘இதே வரிசையில் இதே அளவு வீடு மாதம் இவ்வளவுக்குத்தான் வாடகைக்குப் போகிறது, இதோ ஒப்பந்தத்தின் நகல்’ என்று எழுதினால் மதிப்பீட்டு அதிகாரி உட்கார்ந்து பார்க்க வேண்டிவரும். சட்டம் 171இன் 142ஆவது பிரிவுப்படி, ஆட்சேபம் எழுத்து மூலமாக, மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். இந்த 14 நாளை வாசகரைக் கணக்குப் போட வைக்காதே. நாள்காட்டியைப் பார்த்து நீயே எண்ணி, கடைசித் தேதியை அச்சிட்டுக் கொடு.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. படித்தவர்களே கோட்டை விடுவது இங்கேதான். 1976ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம், சட்டம் 172, இரண்டு கட்டங்களில் மக்களைப் பேச விடுகிறது. ஒரு வட்டாரத்துக்கு உள்ளூர்த் திட்டம் வரையும்போது அந்த வரைவைக் குறைந்தது நான்கு வாரம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் யாராவது மேம்பாட்டுக்கு அனுமதி கேட்டால் பக்கத்து நில உரிமையாளர்களுக்குக் கடிதம் போக வேண்டும். கிடைத்ததிலிருந்து 21 நாள் அவகாசம். இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார். உள்ளூர்த் திட்டம் அரசிதழில் ஏறிவிட்டால், அந்தப் பிரிவின்கீழ் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் போட வேண்டிய கட்டாயம் இல்லை. வரைவுக் காலத்தில் தூங்கியவர், பின்னால் பக்கத்தில் பைலிங் அடிக்கும் சத்தம் கேட்டுத்தான் விழிப்பார். ‘வரைவு உள்ளூர்த் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது’ என்று தலைப்பிட்டால் எவர் படிப்பார்? ‘உங்கள் கம்பத்தில் என்ன கட்டலாம் என்று முடிவாகப் போகிறது, நான்கு வாரத்துக்குள் வந்து பாருங்கள்’ என்று போடு. மேலதிகாரி முகம் சுளித்தால், முறையான தலைப்பைக் கீழே சின்னதாக வைத்துக்கொள்ளச் சொல்.

மக்கள் நோட்டீஸ் படிப்பதில்லை என்று அலுவலகங்கள் குறைபட்டுக்கொள்வது பாதிதான் உண்மை. தைப்பூசத்துக்கு எந்தச் சாலை எத்தனை மணிக்கு மூடப்படும், தண்ணீர்ப் பந்தல் போட எங்கே விண்ணப்பிப்பது என்ற அறிவிப்பை ஒரு வரி விடாமல் படிக்கிறார்களே. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை, சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையப் பகுதியில் இரண்டு பெரிய வால்வுகளை மாற்றத் தண்ணீர் நிறுத்தப்பட்டது; பாதிக்கப்பட்ட கணக்குகள் ஏறத்தாழ 590,000. தண்ணீர் வாரியம் வெகு முன்பே அறிவித்ததால் வீடு வீடாக டிரம் வாங்கி வைத்தார்கள், கோயில்கள் தொட்டிகளை நிரப்பின, கல்யாண வீட்டார் லோரிக்குச் சொல்லி வைத்தார்கள். எந்தத் தாமான், எந்த நாள், எத்தனை மணி என்று இருந்தால் பாட்டிகூடப் பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வாள்.

கம்போங் புவா பாலாவை நீ சிறு வயதில் கேள்விப்பட்டிருப்பாய். தீவில் குளுகோர் பக்கம், மாடு வளர்த்துத் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் கம்பம். அந்த நிலம் மேம்பாட்டுக்குப் போய், வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை ஏறி, 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. யார் பக்கம் நியாயம் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அரசியல்வாதிகள் அவரவர் தேவைக்கு அதை எடுத்துப் பேசுகிறார்கள். உனக்கு அதில் கவனிக்க வேண்டியது அங்கே பேசப்பட்ட ஒரு தாள்: டிஓஎல் எனப்படும் தற்காலிக நில உரிமம். தேசிய நிலச் சட்டத்தின்படி அது அந்தந்த ஆண்டு இறுதியைத் தாண்டாது, இன்னொருவருக்கு மாற்ற முடியாது, வைத்திருப்பவர் இறந்தால் அவரோடு முடிந்தது. ஆண்டுதோறும் கட்டணம் கட்டி ரசீதை இரும்புப் பெட்டியில் அடுக்கி வைத்தவருக்கு அந்த ரசீதுக் கட்டு கிராண்டு மாதிரியே தோன்றும். அப்பா கட்டினார், நான் கட்டுகிறேன், மகன் கட்டுவான் என்று நம்பியிருப்பார். செபராங் பிறையில் இன்றும் டிஓஎல் நிலத்தில் குடியிருப்பவர்கள் உண்டு. ‘இது நிலப் பட்டா அல்ல. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் உடனே மாவட்ட நில அலுவலகத்துக்கு வாருங்கள்’ என்ற இரண்டு வரியைப் புதுப்பிப்பு நினைவூட்டலில் சேர்க்க உனக்கு அதிகாரம் இல்லாமல் போகலாம். கேட்டுப் பார். நில அலுவலகம் மறுத்தால் தமிழ் ஏட்டில் செய்தியாக எழுதலாம்.

எந்த வேலை யாருடையது என்பதும் நம் மக்களை அலைக்கழிக்கிறது. வீட்டு முன் கால்வாய், குப்பை, கடை லைசென்ஸ் மாநகர் கழகத்துடையவை. 2007ஆம் ஆண்டின் கூட்டரசுத் திடக்கழிவுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்காததால் குப்பை லோரி இன்னும் கழகத்தின் பொறுப்புதான். நில வரி மாவட்ட நில அலுவலகத்தில். அது மே 31க்குள். ஆறு வடிகால் நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ், பெரிய சாலை பொதுப்பணித் துறையான ஜேகேஆர். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்த வெள்ளத்தைப் பார்த்த எவருக்கும், அடைத்திருப்பது கால்வாயா ஆறா என்று தகராறு செய்ய நேரமில்லை. ஒவ்வொரு நோட்டீஸின் அடியிலும் ‘இது எங்கள் வேலை, இன்னது எங்கள் வேலை அல்ல, அதற்கு இங்கே போங்கள்’ என்று ஒரு வரி இருந்தால் சுங்கை ஜாவியிலிருந்து கழக அலுவலகம் இருக்கும் பண்டார் பெர்டாவுக்கும், அங்கிருந்து திரும்பவும் பஸ் ஏறும் கொடுமை குறையும்.

செத்தவர் பெயருக்கு வரும் நோட்டீஸ் இன்னொரு தலைவலி. வீடு கைமாறினால் மூன்று மாதத்துக்குள் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; அதற்கு ஐ, ஜே என்று பாரங்கள் இருக்கின்றன. நம் வீடுகளில் அப்பா காலமாகி இருபது வருஷம் ஆகியும் பில் அவர் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இருக்காது. வாரண்டு வரும்போதுதான் நால்வரும் ஒரே அறையில் உட்காருவார்கள். இதையெல்லாம் நோட்டீஸில் தீர்க்க முடியாது. பெயர் மாற்றம் எங்கே என்று ஒரு வரி போடலாம்.

தமிழில் ஏன் என்று அலுவலகத்திலேயே யாராவது கேட்பார்கள். கோபப்படாதே. 1963/67 தேசிய மொழிச் சட்டத்தின் 3ஆவது பிரிவைக் காட்டு. பொதுநலன் கருதி அரசாங்க ஆவணங்களின் மொழிபெயர்ப்பைப் பிற சமூகங்களின் மொழியில் பயன்படுத்த அது இடம் தருகிறது. வழக்கு என்று வந்தால் மலாய் மூலம்தான் செல்லும்; அதனால் கோப்பு எண், தேதி, தொகை மூன்றும் மலாய்ப் பிரதியோடு ஒத்துப்போகின்றனவா என்று அச்சுக்குப் போகும் முன் விரல் வைத்துப் பார். முகப்பில் மலாயில் கேட்பார்கள் என்பதால் ‘சுக்காய் தக்சிரான்’ (வீட்டு வரி), ‘பந்தாஹான்’ (ஆட்சேபம்) போன்றவற்றைத் தமிழ் எழுத்தில் கூடவே கொடு. நம் ஆள் அதைக் காட்டினாலே வேலை நடக்கும்.

அச்சடித்தது போய்ச் சேர வேண்டுமே. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. எஞ்சிய நாளேடுகளை வாங்காத வீடுகள் அதிகம். மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளையின் புத்தகப்பையில் போகும் தாள் வீட்டுக்குத் தவறாமல் போய்ச் சேரும். கோயில் அறிவிப்புப் பலகை, வாட்ஸ்அப் குழு, எம்பிகேகே எனும் கம்பத்துச் சமூக நிர்வாக மன்றத்தின் தலைவர் எல்லாவற்றையும் பிடித்து வை. வாட்ஸ்அப்பில் போவதற்குத் தனியாக ஒரு படம் செய். முழு நோட்டீஸையும் போட்டோ எடுத்து அனுப்பினால் பழைய கைப்பேசியில் எழுத்து தெரியாது.

ஆகஸ்ட் 31 கெடுவுக்கான வீட்டு வரி அறிவிப்பு விரைவில் உன் மேசைக்கு வரும். எழுதி முடித்ததும், கழகத்தில் வேலை செய்யாத யாராவது ஒருவரிடம், சந்தையில் காய்கறி விற்கும் அக்காவாக இருந்தாலும் சரி, கொடுத்து வாசிக்கச் சொல். அவர் எங்கே நிறுத்தி உன் முகத்தைப் பார்க்கிறாரோ அந்த வாக்கியத்தைத் திருத்து. அடியில் போட்டிருக்கும் தொலைபேசி எண்ணை நீயே ஒரு தடவை அழைத்துப் பார். தமிழில் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா, எந்த நாளில், எத்தனை மணிக்கு இருப்பார் என்று கேட்டு, அந்த நேரத்தையும் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிடு.

அன்புடன்,
உன் மூத்தவர்