பையர் முகம் மறக்கிறதா? முதலில் அளந்து பாருங்கள்

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போகிறீர்களா? போன சீசனில் உங்களோடு சாம்பிள் பேசிய இத்தாலிய பையர் (வாங்குபவர்) சென்னை லெதர் ஃபேரில் எதிரே வருகிறார். உங்களுக்கு ஆள் தெரியவில்லை. பக்கத்து ஸ்டால்காரர் முந்திக்கொண்டு அவருக்குக் கை கொடுத்துவிடுவார். நீங்கள் கண்டுகொள்ளாததை முதலாளி திமிர் என்பார். பிறவியிலேயே முகம் பதியாதவர்கள் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர் இருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. ப்ரோசோபக்னோசியா என்று அதற்குப் பெயர். குடும்பத்தில் வழிவழியாகவும் வரலாம்.

1. டெஸ்ட் எழுதுங்கள். ஆய்வாளர்கள் டுஷேன், நாகயாமா 2006-இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஃபேஸ் மெமரி டெஸ்டில் ஆறு முகங்களை மனதில் பதித்துக்கொண்டு 72 கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று முகங்கள்; முடி, உடை எதுவும் தெரியாது. குருட்டாம்போக்கில் அடித்தாலே 24 வரும். சராசரி 58-ஐ ஒட்டி. 42-க்குக் கீழே போனால் சந்தேகப்படலாம். ஆனால் அதில் இருப்பவை வெள்ளைக்கார இளைஞர்களின் முகங்கள். பழகாத இனத்தவரின் முகம் பெரும்பாலானவர்களுக்குக் குறைவாகத்தான் பதியும். அதனால் அந்த ஒரு ஸ்கோரை வைத்து முடிவுகட்டாதீர்கள். 2015-இல் வந்த, 20 கேள்விகள் கொண்ட பிஐ20 படிவத்தையும் நிரப்புங்கள். அது உங்கள் அன்றாட அனுபவத்தைக் கேட்கும்.

2. சர்வீஸ் கூடினால் சரியாகும் என்று நம்பாதீர்கள். 2014-இல் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் அதிகாரிகளைச் சோதித்தார்கள். முகங்களை ஒப்பிடுவதில் அவர்கள் மாணவர்களைவிடத் தேறவில்லை. பல வருட சர்வீஸும் கைகொடுக்கவில்லை. திறமை ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது, அவ்வளவுதான்.

3. வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முகம் பதியாதவர்கள் உடை, முடி, நடை, குரலை வைத்தே ஆளைப் பிடிப்பார்கள். ஸ்டிச்சிங் லைனில் எல்லோருக்கும் ஒரே யூனிஃபார்ம். மெஷின் சத்தத்தில் குரலும் கேட்காது. அங்கே சூப்பர்வைசர் பதவி இவர்களுக்கு வதை. பேட்டர்ன், காஸ்டிங், லெதர் கிரேடிங் பக்கம் போனால் ஜெயிக்கலாம். ஸ்கோர் மிக அதிகமா? ஃபேர் ஸ்டால், செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி ஃப்ரன்ட் ஆபீஸ் என்று கேட்டு வாங்குங்கள். லண்டன் போலீஸ் இப்படிப்பட்டவர்களைத் தேடிப்பிடித்து வேலை வாங்கியது.

4. மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மீட்டிங்கில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பையரைப் பார்க்க உங்களோடு ஓர் ஆள் வரட்டும். பையரின் பெயரை உடன் வருபவரே முதலில் சொல்லட்டும்.

5. நேற்றுவரை தெரிந்த முகம் இன்று திடீரென்று தெரியவில்லையென்றால் டெஸ்ட் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அது ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடனே பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள்.