காவற்சொல் ஒன்றின் வரலாறு

நம் விடுதியை மேற்பார்ப்பவரை வார்டன் என்கிறோம். மருத்துவமனையில் நோயாளர் தங்கும் பகுதியை வார்டு என்கிறோம். வங்கியின் வாயிலில் நிற்கும் காவலரைக் கார்டு என்கிறோம். இம்மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நம்மிற் பலர் நினைத்திரார். ஒரு சொல் நாடுகடந்து செல்லுங்கால் அதன் ஒலியும் பொருளும் எங்ஙனம் திரிகின்றன என்பதற்கு இக்குடும்பம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பண்டை ஜெர்மானிய இனத்தார் பேசிய மொழியில், வார்டு என்பதை ஒத்த சொல் காத்தலைக் குறித்து நின்றது. அதன் வேர்ப்பொருள் விழிப்பாயிருத்தல் என்பதாம். கி. பி. 5-ஆம் நூற்றாண்டில் அவ்வினத்தாருள் ஒரு சாராராகிய பிராங்குகள், இன்று பிரான்சு எனப்படும் நாட்டிற் பரவி அரசு நிறுவினர். அந்நாட்டு மக்களோ இலத்தீனிலிருந்து திரிந்த மொழியைப் பேசினர். இதழ் குவித்து ஒலிக்கும் பழைய இலத்தீன் வகரம் அவர் நாவில் வேறொரு வகரமாய் மாறிவிட்டிருந்தது. ஆதலின், புதிய ஆட்சியாளரின் சொல்லை ஏற்றபொழுது, முன்னே ஒரு ககரம் கூட்டி, குவார்டு என்பது போல ஒலித்தனர். ரகரம் மொழிக்கு முதலாகாமையின் நாம் இகரம் கூட்டி இராமன் என்று எழுதுவதை ஈண்டு ஒப்புநோக்குக. வந்த சொல், புகுந்த வீட்டின் வழக்கத்திற்கு இணங்குவது எங்கும் உள்ள இயல்பே.

ஆயினும் பிரான்சின் வடபகுதியார் பழைய வகரத்தை விடாது போற்றினர். 1066-ஆம் ஆண்டில் இங்கிலாந்தை வென்ற நார்மண்டி வேந்தனை ஆங்கிலர் வில்லியம் என்பர். பாரிஸ் நகரத்தார் கியோம் என்பர். பெயர் ஒன்றே, ஒலி இரண்டு. அவனுடன் வகரச் சொற்கள் இங்கிலாந்து புகுந்தன. பின்னாளில் பாரிஸ் வழக்கு மேன்மை பெற்றபொழுது, அதே சொற்கள் ககர உருவில் மீண்டும் வந்தன. ஆங்கிலமோ இரண்டையும் வைத்துக்கொண்டது. வார்டனும் கார்டியனும், ரிவார்டும் ரிகார்டும் இவ்வாறு அமைந்த இரட்டையர். வேறொரு வேரிற் பிறந்ததாயினும், கடைகளில் நாம் கேட்கும் வாரண்டியும் கியாரண்டியும் இதே ஒலிமாற்றத்தின் விளைவே.

இனிப் பொருள் மாற்றத்தை நோக்குவோம். இத்தாலியர் இச்சொல்லைப் ‘பார்த்தல்’ என்னும் பொருளில் வழங்குகின்றனர். ஸ்பானியர் பொருளை எடுத்துவைத்துப் பேணுதலுக்கு வழங்குகின்றனர். பிரெஞ்சு மொழியில் இது ‘வைத்துக்கொள்ளுதல்’. முன்னே ஓர் அசை சேரின் ‘நோக்குதல்’. ஜெர்மன் மொழியிலோ ‘காத்திருத்தல்’. போர்த்துக்கீசியர் குடையை ‘மழைகாப்பு’ என்று இச்சொல்லாலேயே அழைக்கின்றனர். ஒருவன் செயலைக் கருத்தோடு நோக்கி அதற்குத் தக்கது அளித்தல் என்பதிலிருந்தே, ஆங்கிலத்தில் ரிவார்டு என்பது பரிசினைக் குறிக்கலாயிற்று.

இவை தொடர்பற்ற பொருள்கள் போலத் தோன்றும். ஆனால் இரவில் வயலைக் காப்பவனை எண்ணிப் பார்மின்! அவன் பார்க்கிறான், விடியுமளவும் பொறுத்திருக்கிறான், விளைவைக் கெடாமல் வைக்கிறான், பிறர்பொருட்டு விழித்திருக்கிறான். காத்தல் என்னும் ஒரு செயலின் உறுப்புக்களை ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டனர். நம் மொழியிலும் காத்தல் என்பதே காத்திருத்தலாய் விரிந்தது. இதனால் இரண்டும் உறவுச்சொற்கள் எனத் துணிதல் தவறு. மக்களின் உள்ளம் ஒருபடியாய் இயங்குவதற்கே இது சான்று.

இங்கிலாந்தில் நார்மண்டியார் வருமுன்பே இக்குடும்பத்துப் பழஞ்சொல் ஒன்று வாழ்ந்தது. வீட்டுத் தலைவனை அவர்கள் ‘அப்பத்தைக் காப்பவன்’ என்றனர்; அவனை அண்டி வாழ்ந்தவன் ‘அப்பம் உண்பவன்’ எனப்பட்டான். அப்பங் காப்பவன் என்னும் தொடர் நாளடைவில் தேய்ந்து லார்டு என்றாயிற்று. பிரபுக்களுக்குப் பட்டமாகவும், ஆங்கில வேதாகமத்தில் ஆண்டவருக்குப் பெயராகவும் வழங்குவது இச்சொல்லே. ஆளுதலைக் குறிக்கும் இவ்வுயர்ந்த சொல்லின் அடியில், பிறர் உணவைப் பேணும் எளிய கடமை மறைந்து கிடக்கின்றது. அக்கடமை மறந்தபின் எஞ்சுவது வெறும் பட்டமே.

இறுதியாக ஒன்று. ஆங்கிலச் சட்டவழக்கில், பெற்றோரற்ற குழந்தையைப் பேணுபவர் கார்டியன், அக்குழந்தை வார்டு. காப்பவரும் காக்கப்படுபவரும் ஒரே சொல்லின் இரு வடிவங்களாக நிற்கின்றனர்! இன்று விடுதியிலும் வகுப்பிலும் காக்கப்படுவோராயிருக்கும் நாம், நாளை ஆசிரியராகவும் மருத்துவராகவும் பெற்றோராகவும் காப்போராவோம். அப்பொழுது, காவல் என்பது கதவைப் பூட்டுதல் மட்டுமன்று, விழித்திருந்து நோக்குதலும் பொறுமையோடு காத்திருத்தலுமாம் என்பதை இப்பழஞ்சொல் நமக்கு நினைவூட்டுவதாக.