மண்ணும் நாணலும் இணைந்த சுவர்

1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் ஷில்லாங் நகரின் கற்கட்டடங்கள் தரைமட்டமாயின. அதன் பின்னர் அசாம் பகுதியில் ‘இக்ரா’ முறை வீடுகள் பரவலாயின. மரச்சட்டங்களுக்கிடையே இக்ரா எனும் நாணலை நெருக்கமாகப் பொருத்தி, இருபுறமும் மண்சாந்து பூசுவதே இம்முறையாகும்.

காய்ந்த மண் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் இழுவிசைக்கு எளிதில் விரிசலுறும். அக்குறையை நாணலும் மரமும் ஈடு செய்கின்றன. மண்பூச்சோ நாணலைத் தீயினின்றும் பூச்சிகளினின்றும் ஓரளவு காக்கிறது. கட்டடத்தின் எடை குறையக் குறைய, அதன்மீது செயற்படும் நிலநடுக்க விசையும் குறைகிறது. சிக்கிமில் 2011 செப்டம்பர் 18 அன்று நிலம் அதிர்ந்தபோது, கான்கிரீட் கட்டடங்கள் பல சேதமுற்றன. இக்ரா வீடுகளோ பெரும்பாலும் நிலைத்து நின்றன.

இச்சுவரின் பகை நீரே. உயர்ந்த கல் அடித்தளம், அகன்ற கூரை இறவாரம், காலந்தோறும் மறுபூச்சு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை.

எனினும், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மண், நாணல், மூங்கில் சுவர்களைத் தற்காலிகமானவை என்றே வகைப்படுத்தியது. பொருளின் பெயரை மட்டும் கொண்டு வீட்டின் உறுதியை மதிப்பிட்டால், உயிர்காத்த ஒரு கட்டுமான மரபு கைவிடப்படும். கட்டிய முறையையும் கருதி மதிப்பிடுவதே வீட்டுவசதித் திட்டங்களுக்கு ஏற்ற நெறியாகும்.